ஒன்றரை மனிதர்

போர்கள் யாவற்றுள்ளும் கொடியது உள்நாட்டுப் போரே எனப் பெரியோர் கூறுவர். அயலான் படையெடுத்து வருங்கால் ஊரார் ஒன்று கூடுவர். உள்நாட்டுப் போரிலோ ஊரே இரண்டாகப் பிளவுறும். நேற்றுவரை ஒரு சந்தையில் கொடுத்தும் கொண்டும் வாழ்ந்தவர் இன்று ஒருவரையொருவர் ஐயுற்று நோக்குவர். அத்தகைய போரில் பெயர் பெறுவோர் தலைவர் சிலரே. உடன்படிக்கைகளும் முற்றுகைகளும் வெற்றி விழாக்களும் வரலாற்று ஏடுகளை நிரப்புகின்றன. நாம் இங்கு ஆராயப் புகுவது அவற்றையன்று. கூலிக்காகவோ கட்டாயத்தினாலோ துப்பாக்கி ஏந்திய எளிய படைவீரனையும், எதனையும் ஏந்தாது இடையில் நின்று நசுக்குண்ட குடிமகனையும் தம்மம் எவ்வாறு நோக்குகின்றது? கொலையின் பழி யாரைச் சாரும்? மாண்டோரை எண்ணுங்கால் யார் யாரை நாம் மனிதர் கணக்கிற் சேர்க்கின்றோம்? இவையே நம் வினாக்கள்.

இவ்வினாக்கள் பெங்களூரில் வாழும் நமக்கு அயலானவை அல்ல. நாம் கூடிப் பேசும் இந்த ரிச்சர்ட்ஸ் டவுன், முன்னாளில் 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என வழங்கிய பகுதியைச் சேர்ந்தது. குடிகளும் படைகளும் ஒருங்கே வாழும் இடம் என்பதே அப்பெயரின் பொருள். 1947-இல் மைசூர் அரசிடம் மீண்டும் ஒப்படைக்கப்படும்வரை அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. இன்றும் முதியோர் அதனைத் 'தண்டு' என்றே சொல்லுவர். ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் தண்டின் பின்னே வந்து குடியேறிய தமிழர் பலர். படையிற் சேர்ந்தோர், படைக்குச் சமைத்தோர், துணி வெளுத்தோர், குதிரை பேணினோர், சாலை போட்டோர் எனப் பலவகையினர் அவர்கள். அவர்தம் வழிவந்தோர் நம்முள் பலர். சிப்பாயின் சம்பளத்தினாற் படித்த பிள்ளைகளும், சிப்பாயின் மரணத்தினாற் கலங்கிய குடும்பங்களும் நம் தெருக்களில் உண்டு. ஆதலின் படைவீரன் என்றதும் ஓர் அரக்கனை நினைத்தல் நமக்கு இயலாது. அவன் நம் தம்பி. சென்னைச் சப்பர் படையினரைத் 'தம்பி' என்றே இன்றும் அழைப்பர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் இலங்கைப் போராகும். 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மூண்டு 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த அப்போரினைத் தமிழராகவும் பௌத்தராகவும் ஒருங்கே நோக்க வேண்டிய நிலையில் நாம் இருக்கின்றோம். மாண்டவர் பெரும்பாலோர் நம் மொழியினர். வென்ற அரசின் அரசியற் சட்டம் முதலிடம் அளிப்பதோ நாம் தழுவிய சமயத்திற்கு. இவ்விரு கயிறுகளும் நம்மை இருபுறமும் இழுக்கின்றன. ஒன்றை அறுத்துவிட்டு மற்றதனைப் பற்றிக்கொள்ளுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது.

முதற்கண் குடிமக்கள் வாழ்வைக் காண்போம். 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெட்ரோல், உரம், சிமெந்து, மின்கலம் முதலியவற்றை அரசு தடுத்தது. மக்கள் என் செய்தனர்? ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டுச் சிக்கன விளக்கு ஏற்றினர். அவ்வொளியிலே பிள்ளைகள் படித்துத் தேர்வெழுதினர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெட்ரோலால் உயிர்ப்பித்த மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். வீட்டு முற்றத்தில் குழி தோண்டிப் பனங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை பரப்பிப் பங்கர் அமைத்தனர். விமான ஒலி கேட்டதும் பாட்டியும் பேரனும் அதனுள் இறங்குவர். ஒலி அடங்கியதும் ஏறி வந்து, அடுப்பில் விட்ட உலையை மீண்டும் கவனிப்பர். தெற்கே செல்ல வேண்டியோர் கிளாலிக் கடலேரியை இரவில் படகேறிக் கடந்தனர். அங்கே கடற்படையின் சூட்டுக்கு இரையானோர் பலர். புறப்படுவதற்கோ இயக்கத்தின் 'பாஸ்' வேண்டும். ஒருபுறம் அரசின் தடை, மறுபுறம் இயக்கத்தின் தடை. நடுவில் ஒரு குடும்பம்.

1995-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில் வலிகாமத்திலிருந்து பல லட்சம் மக்கள் ஒரே இரவில் வெளியேறினர். கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, கொட்டும் மழையில், அடி மேல் அடி வைத்து அவர்கள் நகர்ந்தனர். பின்னர் 2009-இன் முற்பகுதியில் வன்னியின் ஒடுங்கிய கடற்கரை மணலில் மூன்று லட்சத்தை அண்மிய மக்கள் சிக்குண்டனர். உப்பிட்ட கஞ்சியே உணவாயிற்று. இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, மாண்டோரை நினைந்து பகிர்கின்றனர். கடைசி மாதங்களில் மாண்ட குடிமக்கள் தொகை 40,000 வரை இருத்தல் கூடும் என ஐக்கிய நாடுகள் பொதுச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் கூறிற்று. பாதுகாப்பு வலயம் என அறிவித்த இடத்தில் அரசு குண்டு பொழிந்ததென்றும், தப்பியோட முயன்ற மக்களை இயக்கம் சுட்டதென்றும் அக்குழு இருதரப்பையும் குறிப்பிட்டது.

இனிப் படைவீரனைக் காண்போம். சிங்களச் சிப்பாய் எங்கிருந்து வந்தான்? வானம் பார்த்த வயல்களையுடைய அநுராதபுரம், குருநாகல், மொனராகலை முதலிய மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் மிகப் பலர். தமக்கை ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்வாள். தம்பி படைக்குச் செல்வான். கூரை ஓடாவதும் தங்கைக்குத் திருமணம் ஆவதும் அச்சம்பளத்தினாலேயே. போரின் பொருள் அறியாது சென்றவன் களத்தின் கோரம் அறிந்து ஓடிவந்தான். அவ்வாறு படையை விட்டோடியோர் பல்லாயிரவர். அவர்களை மீட்க அரசு மீண்டும் மீண்டும் பொதுமன்னிப்பு அறிவித்தது. மாண்டவனோ முத்திரையிட்ட பெட்டியில் வீடு சேர்ந்தான். பிரசன்ன விதானகே 1997-இல் இயக்கிய 'புரஹந்த களுவர' என்னும் சிங்களத் திரைப்படத்தில், கண்ணிழந்த தந்தை ஒருவர், அப்பெட்டியில் இருப்பது தம் மகன் என நம்ப மறுக்கின்றார். மூடிய பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை ஒரு தந்தைக்கு இல்லையாயின், அவன் மகனது உயிர் யாருக்கு உரிமையாயிருந்தது?

நம் நாட்டுச் சிப்பாயும் அங்குச் சென்றான். 1987 ஜூலை 29-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, அவ்வாண்டு அக்டோபரிலேயே போரில் இறங்கிற்று. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 வீரர் மாண்டனர். மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த தமிழ் வீரரும் அப்படையில் இருந்தனர். தம் மொழியிலேயே அழும் மக்களின் முன் அவர்கள் துப்பாக்கியுடன் நின்றனர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் பொது மருத்துவமனையினுள் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் அப்படையினராற் கொல்லப்பட்டமையை நாம் மறைத்தல் ஆகாது. இயக்கத்துப் பிள்ளைகளும் அத்தகையோரே. விரும்பிச் சேர்ந்தோர் உண்டு. கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என வலிந்து கொண்டு செல்லப்பட்டோரும் உண்டு. மீசை முளையாத சிறுவரும் உண்டு. சீருடை வேறாயினும் மூன்று தரத்தாரும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே.

இவர்தம் கைகளிற் படிந்த குருதிக்குத் தம்மம் யாது தீர்ப்பளிக்கும்? சம்யுத்த நிகாயத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. படைத்தொழிலால் வாழும் தலைவன் ஒருவன் பகவன் புத்தரை அணுகி, போரில் ஊக்கத்துடன் பொருது மாயும் வீரன் தேவருலகு அடைவான் எனத் தம் முன்னோர் கூறுவரே, அது மெய்யோ என வினவினான். அதனைக் கேளாதிருக்குமாறு பகவன் இருமுறை தடுத்தார். மூன்றாம் முறையும் அவன் வற்புறுத்தவே, பிறர் அழிக என்னும் எண்ணத்தால் இழிந்த உள்ளத்தோடு மாள்பவன் தேவருலகு அடையான், துன்ப நிலையையே அடைவான் என விடையிறுத்தார். அவன் அழுதான். பகவன் சொல்லுக்காக அன்று. இத்தனை நாள் தன்னை ஏமாற்றிவந்தோரை எண்ணியே அழுதான்.

அவ்வழுகை எத்துணை ஆழமுடையது! எளிய வீரனுக்கு இழைக்கப்படும் முதற் கொடுமை அவனைக் களத்திற்கு அனுப்புவதன்று. கொலையே புண்ணியம் என அவனை நம்பவைப்பதாகும். பகவன் அவனை வெறுக்கவில்லை, விரட்டவுமில்லை. அவனுக்கு உண்மையைச் சொன்னார். அவன் சரணம் புகுந்தான். வினை என்பது எண்ணமே என்பது பகவன் கொள்கை. ஆதலின் ஏவினவன் எண்ணமும் எய்தவன் எண்ணமும் தனித்தனியே அளக்கப்படும். ஏவலாற் கொன்றேன் என்பதால் எய்தவன் பழி நீங்காது. நான் கொல்லவில்லை என்பதால் ஏவினவன் பழியும் நீங்காது. அரண்மனையில் அமர்ந்து கொன்றோன் களத்தில் நின்று கொன்றோனினும் தூயன் அல்லன்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். தன்னைத் தாக்க வருவோனைத் தடுத்தலும் குற்றமோ? வீட்டை எரிக்க வருவோன் முன் பௌத்தன் கைகட்டி நிற்றல் வேண்டுமோ? இது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. படையை விட்டு வீரர் பலர் துறவு பூண வந்தபோது பிம்பிசார மன்னன் முறையிட்டான். அரச சேவகத்தில் உள்ளோர்க்குத் துறவளித்தலாகாது எனப் பகவன் விதித்தார். அரசையும் காவலையும் ஒரே நாளில் கலைத்துவிடுமாறு அவர் யாரையும் ஏவவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் தேவை வேறு எனப் பகுத்துக் காட்டினார். அகிம்சையை இயந்திரம் போன்ற விதியாகவன்றி வாழ்வை நடத்தும் நெறியாகக் கொள்ளல் வேண்டும் என்பதே அவர் கருத்து.

இவ்விளக்கம் நமக்கு உடன்பாடே. ஆயின் தேவை என்னும் சொல்லைப் போர் எத்துணை விரைவில் விழுங்கிவிடுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். உலகில் எந்த அரசும், எந்த இயக்கமும், தேவையின்றிக் கொன்றோம் என ஒப்புக்கொண்டதில்லை. ஆதலின் தேவையை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது யாது? எதிர்ப்புறத்தில் மாண்டவனும் நம்மவனைப் போல முழு மனிதனாக நம் நெஞ்சில் எண்ணப்படுகின்றானா என்பதே அவ்வளவுகோல். அவனை முழு மனிதனாக எண்ணியும் தடுக்க நேரின், அது துயரத்தோடு செய்யும் தேவை. அவன் மனிதனே அல்லன் என எண்ணிய கணமே, அது விருப்பம்.

மகாவம்சத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் இதற்கோர் எச்சரிக்கை. அநுராதபுரத்தில் எல்லாளனை வென்ற துட்டகாமினி மன்னன் தன்னால் மாண்ட எண்ணற்றோரை நினைந்து, இன்பத்தின் நடுவிலும் அமைதி இழந்து வருந்தினான். எட்டு அருகதர் அவனைத் தேற்ற வந்தனர். மாண்டோருள் மனிதர் ஒன்றரைப் பேரே. ஒருவன் மும்மணியைச் சரணடைந்தவன், மற்றவன் ஐஞ்சீலமும் ஏற்றவன். ஏனையோர் விலங்கினும் மேலானவர் அல்லர் என அவர்கள் கூறியதாக அந்நூல் உரைக்கின்றது. இத்தகைய கணக்கு திரிபிடகத்தில் எங்கும் இல்லை. எவ்வுயிர்க்கும் அன்பு செலுத்தப் பணித்த பகவன் பெயரால், பல நூற்றாண்டுகட்குப் பின் எழுதப்பட்ட கணக்கு இது. அதே மகாவம்சம் எல்லாளனை நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒத்த நீதி செலுத்தியவன் எனப் புகழ்கின்றது. துட்டகாமினி அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அவ்விடத்தைக் கடப்போர் இசைக்கருவி முழக்கலாகாது என ஆணையிட்டதையும் கூறுகின்றது. மன்னனது வருத்தம் தம்மத்திற்கு அண்மையது. அவ்வருத்தத்தைத் துடைக்க வந்த ஆறுதலே தம்மத்திற்கு அயலானது.

இதற்கு மறுதலையாக அசோகரை நினைமின். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் பின்னர் மடிந்தனர் என அவர் தம் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில் தாமே பொறித்தார். அம்மட்டோ? தாம் ஊறுபடாவிடினும், நேசித்தோர் பட்ட துன்பத்தால் வாடும் குடிமக்களின் துயரையும் அதிலே குறித்தார். ஒருவர் தேற்றுரையால் ஒன்றரை மனிதர் என எண்ணி அமைதியுற்றார். மற்றவர் ஒருவரையும் விடாது எண்ணி அமைதி இழந்தார். பௌத்த அரசர் இருவருள் நாம் பின்பற்றத் தக்கவர் யார் எனச் சொல்லவும் வேண்டுமோ?

மகாவம்சத்தைக் குறைகூறித் தமிழராகிய நாம் தப்பிவிடுதலும் முறையன்று. நம் நாவிலும் ஒரு ஒன்றரைக் கணக்கு உண்டு. 1985 மே மாதத்தில் அநுராதபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். போதி மரத்தின் அருகிலும் குருதி சிந்திற்று. 1987 ஜூனில் அரந்தலாவையில் பேருந்தில் சென்ற முப்பதுக்கும் மேற்பட்ட பிக்குகளும் சாமணேரரும் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அவருட் பலர் சிறுவர். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் தம் ஊர்களை விட்டுத் துரத்தப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்கட்குச் சில மணி நேரமே கொடுக்கப்பட்டது. அவர்களும் தமிழே பேசினர். இவர்களை நாம் முழுமையாக எண்ணினோமா?

எண்ணப்படாமை என்பது யாது என்பதை நம்மினும் நன்கறிந்தோர் யார்? ஊரின் கணக்கிற் சேராது சேரியில் வைக்கப்பட்டோரின் வழிவந்து, மனிதராக எண்ணப்படுதற்கென்றே தம்மம் புகுந்தோர் நாம். 1956-ஆம் ஆண்டு அக்டோபரில் நாகபுரியில் லட்சக்கணக்கானோர் அதற்கெனவே சரணம் கூறினர். அதே 1956-இல், புத்த ஜயந்தியின் 2500-ஆம் ஆண்டு கொண்டாடப்பட்ட காலத்தில், இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிற்று. ஒரே ஆண்டில் ஒரே சமயத்தின் பெயர் ஓரிடத்தில் கதவைத் திறந்தது. மற்றோரிடத்தில் கதவை அடைக்கத் துணைபுரிந்தது. யாழ்ப்பாணத்திலும் சாதிக் கொடுமைக்கு ஆற்றாது அக்காலத்தே பௌத்தம் தழுவிய தமிழர் உண்டு. போரில் இடம் பெயர்ந்தோர் முகாம்களிலும் கிணற்றருகே சாதி பார்த்த கொடுமை நிகழ்ந்தது. போர் முடிந்து பல்லாண்டு கழிந்தும் போக்கிடமின்றி முகாம்களிலேயே தங்கியோருள் ஒடுக்கப்பட்ட குலத்தாரே மிகுதி. குண்டு சாதி பார்த்து விழவில்லை. ஆயின் குண்டு விழுந்த பின்னும் சாதி விழவில்லை.

தமிழ் மரபும் பாளி மரபும் ஒருங்கே போற்றும் ஒரு நிகழ்ச்சி இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டும். மணிபல்லவத்தில் நாக மன்னர் இருவர் ஓர் ஆசனத்தின் பொருட்டுப் பொருதனர் என்பது மணிமேகலை கூறும் செய்தி. நாகதீபத்தில் மாமனும் மருமகனுமாகிய இரு நாக மன்னர் மணியாசனத்திற்காகப் போர் தொடங்கினர் என மகாவம்சமும் கூறும். பகவன் அங்குத் தோன்றி அறம் உரைத்துப் போரை நிறுத்தினார் என்பது இரண்டிற்கும் பொது. உறவினர் போரில் பகவன் ஒரு பக்கத்திற் சேரவில்லை; ஒருவனது வாளைக் கூர்மைப்படுத்தவுமில்லை. பகையின் நடுவே அமர்ந்தார். நடுவே அமர்தலே பௌத்தனின் இடம்.

அவ்விடம் நமக்குத் தொலைவில் இல்லை. உரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்கெழுந்த செய்தியை நாம் அறிவோம். அப்போரை எதிர்த்து வாதாடித் தோற்றமையே சித்தார்த்தர் வீடு நீங்கியதற்குக் காரணம் என அம்பேத்கர் எழுதினார். 1991 டிசம்பரில் காவிரி நீர் பற்றிய இடைக்கால ஆணையை யொட்டி இந்நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் மாய்ந்தன. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கன்னடம் பேசுவோர் தாக்குண்டனர். 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் பேருந்துகள் கொளுத்தப்பட்டன. அது உள்நாட்டுப் போர் அன்று. எனினும் போர் முளைக்கும் விதை அதுவே. அந்நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த கன்னட அயலாரும் இருந்தனர். அவர்கள் சூத்திரம் படித்தவர் அல்லர். ஆயின் பகைவர் நடுவே அமர்ந்த பகவன் செயலையே செய்தனர்.

ஆதலின், உபாசக உபாசிகைகளே, நாம் செய்யத்தக்கன சில உள. படையிலிருந்து திரும்பியோன் நம் தெருவில் இருப்பின், அவன் வீரக்கதையை மட்டும் கேளாது, அவன் உறக்கமின்மையையும் கேட்போம். அவனைப் புகழ்ந்து ஏமாற்றாமலும் பழித்து விரட்டாமலும் அவனருகில் அமர்வோம். அகதியாய் வந்தோரை அனுதாபத்தின் பொருளாகவன்றி அயலாராக ஏற்போம். எவ்வினத்தார் மாண்ட செய்தி வரினும், அவர் யார் பக்கம் என வினவுமுன் அவர் வயது யாது, யாருடைய பிள்ளை என வினவப் பழகுவோம். நம் பிள்ளைகட்கு அரந்தலாவையையும் முள்ளிவாய்க்காலையும் ஒரே மூச்சிற் சொல்லுவோம். வெசாக் நாளில் விளக்கேற்றுங்கால், சீருடை அணிந்தும் அணியாமலும் மாண்ட அனைவர்க்கும் புண்ணியத்தைப் பகிர்வோம்.

இவை சிறு செயல்களே. ஆயினும் ஒன்றரை என்னும் கணக்கு நூலில் ஏறுமுன் நாவில் தோன்றியது. நாவில் தோன்றுமுன் நெஞ்சில் தோன்றியது. அதனை நெஞ்சிலேயே திருத்துதல் நம் போன்ற எளியோர்க்கும் இயலும்.